தம்பியின் கடனுக்காக வீட்டுக்கு வருகிறார்கள்: என் பொருட்களைப் பாதுகாப்பது எப்படி?

வெள்ளவத்தை வாசகி எழுதியது:

வெள்ளவத்தையில் அம்மாவின் பெயரிலுள்ள தொடர்மாடி வீட்டில் அம்மா, தம்பி, நான், என் மகள் ஆகிய நால்வரும் வசிக்கிறோம். புறக்கோட்டையில் தம்பி நடத்திவந்த துணி வியாபாரம் நொடித்துப்போனதால், நிதிக் கம்பனி ஒன்றிடம் அவர் வாங்கிய கடனின் தவணைகள் ஏழு மாதங்களாகக் கட்டப்படவில்லை. கடந்த மூன்று வாரங்களில் அறவிட வருபவர்கள் நான்கு முறை வந்துவிட்டார்கள். கடைசியாக வந்தவர் வாசலில் நின்றபடியே என் தையல் இயந்திரங்களையும் குளிர்சாதனப் பெட்டியையும் பார்த்து, "பணம் வராவிட்டால் இவற்றை ஏற்றிக்கொண்டு போவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு ஜூக்கி இயந்திரங்களும் ஓவர்லொக் இயந்திரமும் என் உழைப்பில் வாங்கியவை. நானும் மகளும் அவற்றை நம்பித்தான் வாழ்கிறோம். தம்பி கடனுக்கு அக்காவின் பொருளை எடுக்கச் சட்டத்தில் இடமுண்டா? அவற்றைத் தெகிவளையில் உள்ள சித்தியின் வீட்டில் சில மாதங்களுக்கு வைத்துவிடலாமா? தம்பி தன் மோட்டார் சைக்கிளை என் பெயருக்கு மாற்றித் தருவதாகவும் சொல்கிறார். அறிந்தவர்கள் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

முன்னாள் இலிகிதர், புதுக்கடை:

மகளே, முதலில் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். உங்கள் வாசலுக்கு வந்தவர் கம்பனியின் ஆள். நீதிமன்றத்தின் ஆள் அல்லர். உங்கள் அனுமதியின்றி வீட்டுக்குள் நுழையவோ, ஒரு கரண்டியையேனும் எடுத்துச் செல்லவோ அவருக்கு எந்த உரிமையும் இல்லை. அப்படி நுழைய முற்பட்டால் 119 இலக்கத்துக்கு அழையுங்கள். மிரட்டலும் தொந்தரவும் தொடர்ந்தால், வந்த நாள், நேரம், சொன்ன வார்த்தை ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதிவைத்து, மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறையிடலாம். அதன் தொலைபேசி இலக்கம் 1935.

வீட்டுப் பொருளை உண்மையில் கைப்பற்றக்கூடியவர் நீதிமன்றத் தீர்ப்புகளை நிறைவேற்றும் பிஸ்கால் அதிகாரி மாத்திரமே. அவர் வருவதற்கு முன் ஒரு வழக்கு, ஒரு தீர்ப்பு, அதை நிறைவேற்றும் எழுத்தாணை ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் பெரும்பாலும் 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் கீழ்தான் வழக்கிடுகின்றன. அந்த நடைமுறையில் முதலில் நிபந்தனையோடு கூடிய ஆணையொன்று வரும். குறித்த நாளில் உங்கள் தம்பி முன்னிலையாகி, நீதிமன்றத்தின் அனுமதி பெற்றுக் காரணம் காட்டாவிட்டால் அதுவே இறுதியாகிவிடும். அழைப்பாணையைக் கையேற்காமல் ஒளிந்துகொண்டால் வழக்கு நின்றுவிடும் என்று நம்பி, வாதாடக் கிடைத்த ஒரேயொரு நாளையும் கைநழுவ விட்ட எத்தனையோ குடும்பங்களை என் பணிக்காலத்தில் கண்டு மனம் வருந்தியிருக்கிறேன்.

தீர்ப்பு தம்பிக்கு எதிரானது என்றால் தம்பியின் பொருளைத்தான் கைப்பற்றலாம். அவருடையதிலும் எல்லாவற்றையும் எடுக்க முடியாது: அவசியமான உடுதுணி, கட்டில், படுக்கை, தொழிற்கருவிகள், கணக்குப் புத்தகங்கள் போன்றவற்றுக்குக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 218 ஆம் பிரிவு விலக்களிக்கிறது. சிக்கல் எங்கே வருகிறதென்றால், ஒரே கூரையின் கீழ் இருக்கும் பொருட்களில் எது யாருடையது என்பதைப் பிஸ்கால் அதிகாரி பார்த்த மாத்திரத்தில் அறிய மாட்டார். அவர் உங்கள் இயந்திரத்தைப் பட்டியலில் எழுதினால், அந்த இடத்திலேயே, அந்த நேரத்திலேயே, "இது என்னுடையது" என்று உரிமை கோருங்கள். 241 ஆம் பிரிவின்படி அவர் அதை நீதிமன்றத்துக்கு அறிக்கையிட வேண்டும். நீதிமன்றம் சுருக்கமாக விசாரிக்கும். கைப்பற்றிய நாளில் பொருள் உங்களுடையது அல்லது உங்கள் வசம் இருந்தது என்பதை நீங்கள்தான் சான்றுகளோடு காட்ட வேண்டும். முடிவு பாதகமாக வந்தால், அந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் தனி வழக்குத் தொடரலாம்; அந்தக் காலக்கெடுவைத் தவறவிடாதீர்கள்.

ஒன்றை மாத்திரம் நீங்கள் சொல்லவில்லை. கடன் பத்திரத்தில் உங்கள் வீட்டில் வேறு எவரேனும் பிணையாளராகக் கையெழுத்திட்டார்களா?

கொட்டாஞ்சேனை அம்மா:

தங்கச்சி, சில ஆண்டுகளுக்கு முன் என் கணவரின் கடனுக்காகப் பிஸ்கால் அதிகாரி எங்கள் வீட்டுக்கே வந்தார். அன்றைய அனுபவத்தில் ஐயா மேலே எழுதிய ஒவ்வொரு சொல்லையும் உறுதிப்படுத்துவேன். குளிர்சாதனப் பெட்டிக்கு என் பெயரில் எழுதிய பற்றுச்சீட்டும், அதற்காக என் கணக்கிலிருந்து பணம் போன வங்கிக் கூற்றும் இருந்தன, அது காப்பாற்றப்பட்டது. தொலைக்காட்சியும் என் சம்பளத்தில் வாங்கியதுதான். ஆனால் கடைக்காரர் கணவரின் பெயரில் சீட்டு எழுதியதை நான் அன்று பொருட்படுத்தாமல் விட்டதால் அது போய்விட்டது.

நகைகளைப் பற்றித்தான் நான் அதிகம் அஞ்சினேன். நாங்கள் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர்கள், யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர்கள். யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, திருமணத்தின்போது ஒரு பெண்ணுக்கு உரித்தாயிருந்த சீதனமும், பின்னர் அவளுக்கு முதுசொமாக, அதாவது பரம்பரைச் சொத்தாக, வருவதும் அவளுடைய தனிச் சொத்து; அந்தச் சொத்தின் பராமரிப்புக்காகவே பட்ட கடன் போன்றவை தவிர, கணவனின் கடனுக்கு அது பொறுப்பாகாது என்று சட்டத்தரணி விளக்கினார். திருமணத்தின் பின் சேர்ந்த தேடியதேட்டத்தின் கணக்கு வேறு. அதை எழுத்தில் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. நகை என்னுடையதென்று காட்டுவதற்குக் கலியாணப் படங்களும், செட்டியார் தெருக் கடையில் அப்பா வாங்கிய பழைய சீட்டும், ஒருமுறை வங்கியில் என் பெயரில் அடகு வைத்த பத்திரமும் கைகொடுத்தன.

ஆகவே இன்றிரவே உட்கார்ந்து உங்கள் இயந்திரங்களின் இலக்கத் தகடுகளைப் படமெடுங்கள். சீட்டுத் தொலைந்திருந்தால் விற்ற கடையிடம் பிரதி கேளுங்கள். பழுதுபார்த்த சீட்டு, வாடிக்கையாளருக்கு நீங்கள் எழுதிய பில் ஆகியவையும் உதவும். அவற்றின் பிரதிகளை வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் வையுங்கள். தம்பியோடு கூட்டுக் கணக்கு இருந்தால், தாமதிக்காமல் உங்கள் வருமானத்தைத் தனிக் கணக்குக்கு மாற்றுங்கள்.

சட்ட மாணவன்:

மோட்டார் சைக்கிளைத் தயவுசெய்து உங்கள் பெயருக்கு மாற்றாதீர்கள். கடன்கொடுத்தவரை ஏமாற்றும் நோக்கில் செய்த கைமாற்றத்தை இரத்துச் செய்யும்படி கேட்டு வழக்கிட எமது பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டம் இடமளிக்கிறது. அதைவிடப் பெரிய இழப்பு, அந்த ஒரு கைமாற்றத்தால் உங்கள் சொந்த இயந்திரங்களைப் பற்றி நீங்கள் சொல்லும் உண்மையும் சந்தேகத்துக்கு உள்ளாகும் என்பதுதான். சித்தியின் வீட்டுக்கு உங்கள் பொருளை நீங்கள் கொண்டுபோவதில் தவறில்லை. ஆனால் தம்பியின் பொருள் ஒன்றுகூட அந்த வண்டியில் ஏறக் கூடாது.

வெள்ளவத்தை வாசகி எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இலிகிதர் ஐயா கேட்டதைத் தம்பியிடம் கேட்டேன். நான் எங்கும் கையெழுத்திடவில்லை. ஆனால் ஓய்வுபெற்ற அரசாங்க ஆசிரியையான அம்மா பிணையாளராகக் கையெழுத்திட்டிருக்கிறார். தம்பி "ஒரு சாட்சிக் கையெழுத்து" என்று சொன்னதை நம்பி, வாசிக்காமலே இட்டதாக அழுதுகொண்டு சொன்னார். அம்மாவுக்கு என்ன நேரும்?

முன்னாள் இலிகிதர், புதுக்கடை:

பிணையாளராகக் கையெழுத்திட்டிருந்தால் அது அம்மாவின் சொந்தக் கடன் போலவே நடத்தப்படும். முதலில் கடனாளியிடம் அறவிட்டுவிட்டு வா என்று கேட்கும் உரிமை பிணையாளருக்குச் சட்டத்தில் உண்டென்றாலும், அச்சடித்த படிவங்களில் அதைக் கைவிடும் வாசகம் பெரும்பாலும் இருக்கும். அரச ஓய்வூதியம் கைப்பற்றலுக்கு உட்படாது. வீடு அவருடைய பெயரில் இருப்பதுதான் என் கவலை. கடன் பத்திரத்தின் பிரதியைக் கம்பனியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, புதுக்கடை மேல் நீதிமன்றக் கட்டடத் தொகுதியில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அம்மாவையும் தம்பியையும் ஒன்றாக அழைத்துச் செல்லுங்கள். வழக்குத் தாக்கலாகும் முன் தவணையை மாற்றியமைக்கக் கம்பனிகள் இணங்குவதுண்டு. அந்தக் கோரிக்கையில் தம்பி கையெழுத்திட வேண்டும். அம்மா இனி எந்தத் தாளிலும் சட்டத்தரணி வாசித்துச் சொல்லாமல் கையெழுத்திட வேண்டாம்.