கொங்கோவில் உள்ள நம் படைவீரர்களுக்குத் தீபாவளிப் பார்சல் அனுப்ப வழி என்ன?

டர்பன் ஆசிரியை (ஆகஸ்ட் 2024)

வணக்கம். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்தி வருகிறேன். தீபாவளிக்குப் பலகாரம் சுட்டு, இன்னார் இனியார் என்று பாராமல் தெருவிலுள்ள எல்லா வீடுகளுக்கும் தட்டு அனுப்புவது நம் வழக்கம். அதில் ஒரு பங்கை இந்த ஆண்டு கிழக்குக் கொங்கோவில் இருக்கும் தென்னாப்பிரிக்கப் படைவீரர்களுக்கு அனுப்பலாம் என்று பெற்றோர் சிலர் விரும்புகிறார்கள். யாருக்கு, எந்த முகவரிக்கு அனுப்புவது என்பதே எங்களுக்குத் தெரியவில்லை. இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் அமெரிக்கப் படையினருக்காக எழுதப்பட்டவை. வீட்டில் சுட்ட முறுக்கையும் அதிரசத்தையும் அனுப்ப முடியுமா என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற பண்டகசாலைக்காரர்

அம்மா, அந்த அமெரிக்க வழிகாட்டிகளை ஒதுக்கிவிடுங்கள். அவர்களுக்கு வெளிநாட்டிலுள்ள படைக்கென்றே தனி அஞ்சல் முகவரி முறை உண்டு. உள்நாட்டுக் கட்டணத்திலேயே பெட்டி போய்ச் சேரும். அங்குகூட, பெயர் குறிப்பிடாமல் 'யாரேனும் ஒரு வீரருக்கு' என்று எழுதி அனுப்பும் வழக்கத்தை, 2001இல் ஆந்த்ராக்ஸ் என்னும் கொடிய நோய்க்கிருமித் தூளை வைத்த கடிதங்கள் வந்த பிறகு நிறுத்திவிட்டார்கள். பெயரில்லாத பெட்டியை எந்தப் படையும் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

நம் நாட்டில் படைப்பிரிவின் வழியாகச் செல்வதே சரியான வழி. நம் குவாசூலு-நட்டால் மாகாணத்திலேயே லேடிஸ்மித்தில் 5ஆம் காலாட்படைப் பிரிவும், ம்டுபாடுபாவில் 121ஆம் காலாட்படைப் பிரிவும் இருக்கின்றன. பிரிவு வெளிநாட்டுக்குச் சென்றிருந்தாலும் அதன் சொந்தத் தளத்தில் சிலர் தங்கியிருப்பார்கள். படையின் சமயகுருவும் சமூகப் பணியாளரும் குடும்பங்களோடு தொடர்பில் இருப்பார்கள். முதலில் அவர்களுக்குக் கடிதம் எழுதி, எத்தனை பெட்டி ஏற்பார்கள், எப்போது சரக்கு புறப்படும் என்று கேளுங்கள். அவர்கள் மறுத்தால் வருந்த வேண்டாம். விமானத்தில் மருந்துக்கும் உதிரிப் பாகங்களுக்கும் இடம் ஒதுக்கிய பிறகுதான் முறுக்குக்கு இடம் கிடைக்கும்.

வீட்டுப் பலகாரத்தைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். எண்ணெயில் பொரித்தது எப்போது கையில் சேரும் என்று தெரியாத நிலையில், சிக்கு வாடையோடு அது போய்ச் சேர்வதைவிட அனுப்பாமல் இருப்பதே மேல். தேதி அச்சிட்டு, கடையில் மூடி முத்திரையிட்ட பொட்டலங்களை மட்டும் வையுங்கள். பவர் பேங்க், சிகரெட் லைட்டர், வாசனைத் தெளிப்பான் ஆகியவற்றை விமானச் சரக்கில் சேர்க்கவே கூடாது. ஒரு பெட்டியில் அப்படி ஒன்று அகப்பட்டால் மொத்தப் பெட்டிகளும் நின்றுவிடும்.

டர்பன் பீனிக்ஸில் இருந்து ஒரு தாய்

என் மகன் சென்ற முறை ஓராண்டு கொங்கோவில் இருந்தான். பெரியவர் சொன்னது முறைதான்; ஆனால் பெட்டிக்குள் என்ன வேண்டும் என்பதில் எங்கள் அனுபவத்தையும் கேளுங்கள். முதல் தடவை சாக்லேட்டும் பிஸ்கட்டுமாக நிரப்பினேன். அவன் கேட்டதோ தடித்த காலுறை, பாதத்துக்குப் போடும் பொடி, பிறகு மசாலாத்தூள். படையில் கொடுக்கும் 'ராட் பேக்' உணவை மாதக் கணக்கில் தின்பவனுக்கு ஒரு கரண்டி டர்பன் மசாலா எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அவன் சொல்லித்தான் அறிந்தேன். அவன் கூடாரத்தில் தமிழன் அவன் ஒருவனே. மசாலாவோ ஜூலு, சோத்தோ நண்பர்கள் அனைவரின் தட்டுக்கும் போயிற்று. ஆகவே ஒருவர் தின்னும் அளவில் எதையும் அனுப்பாதீர்கள், பத்துப் பேர் பகிரும் அளவில் அனுப்புங்கள். ஊறுகாய்ப் புட்டி மட்டும் வேண்டாம். ஒருமுறை அது கசிந்து, நான் எழுதிய கடிதம் முழுவதும் எண்ணெயாகிவிட்டது. அதையும் அவன் வைத்திருந்து திரும்பக் கொண்டுவந்தான்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

ஒரு சிறு யோசனை, ஆசிரியை அவர்களே. மொசாம்பிக் எல்லையிலும் நம் வீரர்கள் புதருக்குள் காவல் நிற்கிறார்கள். அதற்குக் 'கொரோனா நடவடிக்கை' என்று பெயர். பெருந்தொற்றுக்குப் பத்தாண்டு முன்பே வைத்த பெயர், என்ன செய்வது! நாட்டின் நில எல்லைகள் அனைத்துக்குமாக 22 அணிகள் தேவை என்று கணக்கிட்டிருக்க, 15 அணிகளே நிற்கின்றன. அங்கே விமானமும் வேண்டாம், சுங்கமும் வேண்டாம். படைப்பிரிவின் அனுமதி கிடைத்தால் உங்கள் முறுக்கு மறுநாளே வண்டியில் போய்விடும்.

டர்பன் ஆசிரியை (பிப்ரவரி 2025)

அனைவருக்கும் நன்றி. தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். தீபாவளிக்கு எல்லைக் காவல் வீரர்களுக்கு முறுக்கும், கொங்கோவுக்கு மசாலாவும் காலுறையுமாகப் பன்னிரண்டு பெட்டிகளும், படைப்பிரிவின் அனுமதியோடு சென்றன. பொங்கலுக்கென்று இரண்டாவது தொகுதியைக் கட்டி முடித்த வேளையில்தான் கிழக்குக் கொங்கோவின் கோமா நகரைச் சுற்றிச் சண்டை மூண்டது. ஜனவரிக் கடைசியில் நம் வீரர்கள் 14 பேர் உயிரிழந்ததை நீங்கள் அறிவீர்கள். கோமா விமான நிலையமும் மூடப்பட்டது. பெட்டிகள் வகுப்பறை மூலையிலேயே கிடக்கின்றன.

இப்போதைக்கு எதையும் அனுப்ப வேண்டாம் என்று சமயகுரு தொலைபேசியில் சொன்னார். கெட்டுப்போகக் கூடிய பொட்டலங்களை, அவர் வழியாகவே, அங்கே சிக்கியுள்ள வீரர்களின் வீடுகளுக்குக் கொடுத்துவிட்டோம். பீனிக்ஸ் அம்மா சொன்னபடி பிள்ளைகளின் கடிதங்களை எண்ணெய் படாமல் தனி உறையில் வைத்திருக்கிறேன். அவற்றில் எல்லாம் 'பொங்கல் வாழ்த்துகள்' என்றுதான் எழுதியிருக்கிறது. நாள் கடந்துவிட்டதே, திருத்தி எழுதித் தரட்டுமா என்று ஒரு மாணவி கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.