பச்சை இறைச்சிக்கு மாற்றிய பின் நாய் மலம் கழிக்கச் சிரமப்படுகிறது: ஆலோசனை தேவை

வெள்ளவத்தையிலிருந்து கேட்பவர்

வணக்கம். எங்கள் வீட்டு நாய் ஜிம்மிக்கு ஐந்து வயது; லாப்ரடோர் கலப்பு, கருத்தடை செய்யப்பட்ட ஆண், எடை 24 கிலோ. இதுவரை சோறு, அவித்த கோழி, கொஞ்சம் பூசணிக்காய், இடையிடையே இறக்குமதி செய்யப்பட்ட உலர் உணவு என்று உண்டு வந்தான். 2022இல் ரூபாயின் மதிப்பு விழுந்த பிறகு உலர் உணவின் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதோடு அவனுடைய வயிற்றின் அடிப்பக்கமும் கால்விரல் இடுக்குகளும் சிவந்துபோய், இரவு முழுவதும் நக்கிக்கொண்டும் சொறிந்துகொண்டும் இருக்கிறான். சோறுதான் இதற்குக் காரணம் என்றும், தானியத்தை நிறுத்திப் பச்சை இறைச்சி கொடுத்தால் தோல் தெளிந்துவிடும் என்றும் நாய் வளர்க்கும் நண்பர்கள் உறுதியாகச் சொன்னார்கள். ஆகவே சோற்றை அடியோடு நிறுத்தி, இறைச்சிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் கோழிக் கழுத்தையும் சதை நீக்கிய எலும்புக்கூட்டையும் பச்சையாகக் கொடுக்கத் தொடங்கினோம்.

முதலில் மலம் இளகி, சளி கலந்து போயிற்று. இப்போது நிலைமை நேர்மாறாக இருக்கிறது. முதுகை வளைத்துக்கொண்டு நெடுநேரம் முக்குகிறான். இறுதியில் விழுவது சுண்ணாம்புக் கட்டியைப் போல வெளிறி இருக்கிறது, குச்சியால் தொட்டாலே பொடியாக உதிர்கிறது. உணவின் மீது ஆசை குறையவில்லை, ஆனால் மாலையில் சங்கிலியை எடுத்தால் துள்ளி வருபவன் இப்போது மெதுவாகத்தான் எழுந்து வருகிறான். சொறிச்சலும் சற்றும் தணியவில்லை.

உடலில் உள்ள நச்சு வெளியேறுவதால் இப்படித்தான் இருக்கும், பொறுத்திருங்கள் என்கிறார்கள் நண்பர்கள். இது உண்மையா? பச்சை இறைச்சி கொடுப்பதில் எந்த அளவு சரியானது? எங்களுடையது சிறிய தொடர்மாடி வீடு, இருப்பது ஒரே பிரிட்ஜ். நீரிழிவு நோயுள்ள என் தாயாரும், தவழத் தொடங்கியிருக்கும் என் மகளும் வீட்டில் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து மறுமொழி

வணக்கம் சகோதரி. நான் பல ஆண்டுகளாக என் நாய்களுக்குப் பச்சை இறைச்சியே கொடுத்து வருபவன். அந்த நம்பிக்கையோடுதான் இதைச் சொல்கிறேன். நச்சு வெளியேறுகிறது என்ற பேச்சுக்கு எந்த ஆதாரமும் கிடையாது. ஈரலும் சிறுநீரகமும் அந்த வேலையை நாள்தோறும் செய்துகொண்டுதான் இருக்கின்றன. வெளிறி உதிரும் மலம், எலும்பு அளவுக்கு மிஞ்சிவிட்டது என்பதற்கான தெளிவான அடையாளம்.

பச்சை உணவு கொடுப்பவர்கள் பொதுவாகப் பின்பற்றும் கணக்கில் தசை இறைச்சி 80 பங்கு, உண்ணத்தக்க எலும்பு 10 பங்கு, உள்ளுறுப்புகள் 10 பங்கு. அந்த உள்ளுறுப்பில் பாதிதான் ஈரலாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஈரல் மிகுந்தால் உயிர்ச்சத்து ஏ அளவு மீறிச் சேரும். வளர்ந்த நாய்க்கு அதன் எடையில் நூற்றுக்கு இரண்டு முதல் மூன்று பங்கு வரை ஒரு நாளுக்குப் போதும். ஜிம்மிக்கு 600 கிராம் என்று வைத்துக்கொண்டால், எலும்பு 60 கிராமும் ஈரல் 30 கிராமும்தான் வருகின்றன. கோழிக் கழுத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எலும்பு. சதை நீக்கிய கூட்டில் அதனினும் அதிகம். நீங்கள் கொடுப்பது பெரும்பாலும் எலும்பு, இறைச்சி என்று சொல்லத்தக்கது அதில் மிகக் குறைவு. கடைக்காரர் மலிவாகத் தருகிறார் என்பதற்காக அதையே முழு உணவாகக் கொள்ள முடியாது.

கழுத்தையும் கூட்டையும் இன்றே நிறுத்திவிட்டு, எலும்பில்லாத இறைச்சியும் அவித்து மசித்த பூசணிக்காயும் கொடுங்கள், தண்ணீர் தாராளமாக வையுங்கள். இனி எந்த உணவுக்கு மாறினாலும் ஒரு வாரம் பத்து நாட்கள் பழையதோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

தெஹிவளையிலிருந்து மறுமொழி (மிருக வைத்தியசாலையில் பணிபுரிபவர்)

மேலே ஐயா எலும்பைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் உணவு பற்றிய பேச்சுக்கு முன் ஜிம்மியின் நிலையைப் பார்ப்போம். முக்கியும் மலமே வராமல் போனால், வாந்தி எடுத்தால், வயிறு இறுகி உப்பினால், எதற்கும் காத்திராமல் அன்றே எக்ஸ்ரே எடுக்கக் கொண்டுபோங்கள். எலும்புத் துண்டுகள் பெருங்குடலில் இறுகிவிட்டால் வீட்டு வைத்தியத்தால் இளக்க முடியாது.

அடுத்ததாக, அவன் துள்ளி எழவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை உணவு மாற்றத்தின் கணக்கில் எழுதிவிட்டுக் கடந்துபோக வேண்டாம். மேலுதட்டை மெதுவாகத் தூக்கி முரசை (பல் ஈறை) பாருங்கள். விரலால் அழுத்திவிட்டு எடுத்தால், வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். முரசே வெளிறியிருந்தாலோ, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனாலோ, உண்ணிக் காய்ச்சலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இலங்கையில் உண்ணிகள் மூலம் பரவும் பபேசியா என்ற ஒட்டுண்ணி நாய்களின் செங்குருதிக் கலங்களை அழிப்பது எங்களுக்கு அன்றாடக் காட்சி. இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இன்னொன்றும் உண்டு: பச்சைக் கோழி உண்ட நாய்களுக்கு, கம்பைலோபாக்டர் என்ற கிருமியின் தொடர்பால் பின்னங்கால்களிலிருந்து தொடங்கி முடக்கம் ஏற்படலாம் என்பதை மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் காட்டினார்கள். அது அரிதானது, ஆயினும் கால் தள்ளாடினால் தாமதிக்க வேண்டாம்.

சொறிச்சலுக்கு வருகிறேன். நம் ஊரின் ஈரக்காற்றில் நாய் சொறிவதற்குத் தெள்ளு, உண்ணி, சொறிப்பூச்சி, விரலிடுக்கில் வளரும் பூஞ்சை ஆகியவையே உணவைவிட அடிக்கடி காரணமாகின்றன. உணவு ஒவ்வாமைதான் என்றாலும், நாய்களில் அதை உண்டாக்குபவற்றுள் முன்னிற்பவை மாட்டிறைச்சி, பாற்பொருட்கள், கோழி, கோதுமை. அரிசி அந்த வரிசையில் மிகப் பின்னால்தான் வருகிறது. ஜிம்மிக்குக் கோழி ஒவ்வவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சோற்றை நிறுத்திவிட்டுக் கோழியை மட்டும் கொடுத்தால் சொறிச்சல் எப்படித் தணியும்? அவிப்பதால் புரதத்தின் ஒவ்வாமை உண்டாவதில்லை; பச்சையாகக் கொடுப்பதால் அது நீங்குவதும் இல்லை.

கடைசியாக, எனக்கு மிகுந்த கவலை தருவது உங்கள் தாயாரும் குழந்தையும்தான். பச்சைக் கோழியில் சல்மொனெல்லாவும் கம்பைலோபாக்டரும் இருப்பது சாதாரணம். நாய்க்கு ஒன்றும் செய்யாமலேயே அவை அதன் மலத்திலும் எச்சிலிலும் வெளிவரும். நாய் உணவுத் தட்டை நக்கிவிட்டுத் தரையில் வாயை வைக்கிறது. அதே தரையில் குழந்தை தவழ்கிறது. அமெரிக்க மிருக வைத்தியச் சங்கம் 2012இலேயே பச்சை இறைச்சி உணவை ஊக்குவிக்க வேண்டாம் என்று நிலைப்பாடு எடுத்ததற்கு இதுவே முதன்மையான காரணம்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. கழுத்தையும் கூட்டையும் நிறுத்திவிட்டேன். முரசு இளஞ்சிவப்பாகத் தெரியவில்லை, சற்று வெளிறித்தான் இருக்கிறது. ஆகவே நாளைக் காலையில் வைத்தியரிடம் கொண்டுபோகிறோம். அம்மா ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறார்: இறைச்சியை மஞ்சளும் வினாகிரியும் போட்டுக் கழுவி, சில நாட்கள் உறைய வைத்துக் கொடுத்தால் கிருமி செத்துவிடாதா?

தெஹிவளையிலிருந்து மறுமொழி

அம்மாவிடம் பணிவாகச் சொல்லுங்கள், மஞ்சளும் வினாகிரியும் வாடையை நீக்குமே ஒழிய, சதைக்குள் இருக்கும் கிருமியை எட்டாது. கோழியைக் குழாயடியில் கழுவும்போது தெறிக்கும் நீர்த்துளிகள் பக்கத்தில் உள்ள பாத்திரங்களில் கிருமியைப் பரப்பிவிடுகின்றன. உறைய வைப்பது சில ஒட்டுண்ணிகளைக் கொல்லும். பக்டீரியாவைப் பெரும்பாலும் உறங்க வைக்கிறது, அவ்வளவுதான், இளகியதும் அவை மீண்டும் பெருகும். 2022இல் பதின்மூன்று மணிநேர மின்வெட்டைக் கண்ட ஊர் இது. குழந்தையின் பாலும் நாயின் பச்சை இறைச்சியும் ஒரே பிரிட்ஜில் இருப்பதை நான் விரும்பமாட்டேன். இறைச்சியின் உட்பகுதி 74 பாகை செல்சியஸ் வெப்பத்தை எட்டும்படி அவித்தால் இந்தக் கவலை தீர்ந்தது.

அவித்த உணவுக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அவித்த எலும்பைக் கொடுக்கக் கூடாது, அது ஊசியாகப் பிளக்கும். எலும்பில்லாத இறைச்சியை மட்டும் கொடுத்தால் சுண்ணச்சத்து போதாது. அதற்கு முட்டைக்கோதைக் கழுவிக் காயவைத்து, மாவாக அரைத்து, அரைக் கிலோ இறைச்சிக்கு அரைத் தேக்கரண்டி சேர்க்கலாம். நாகம் (துத்தநாகம்), அயடின், உயிர்ச்சத்து டி, ஈ ஆகியவையும் வீட்டு உணவில் குறைவுபடக்கூடியவை. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 2013இல் நாய்களுக்கான 200 வீட்டு உணவுக் குறிப்புகளை ஆராய்ந்தபோது, அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தில் ஏதாவது ஒரு சத்தாவது குறைந்திருந்தது. ஆகவே உங்கள் வைத்தியரிடம் உணவுத் திட்டத்தைக் காட்டி, சேர்க்கை மாத்திரையைக் கேட்டு வாங்குங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து மறுமொழி

நான் என் நாய்களுக்குப் பச்சையாகவே கொடுப்பேன். எனக்குத் தனியாக ஓர் உறைபெட்டி இருக்கிறது, வீட்டில் குழந்தைகளோ நோயாளிகளோ இல்லை, உணவுத் தட்டு முற்றத்தில்தான் இருக்கும். உங்கள் வீட்டு நிலையில் நானும் அவித்தே கொடுத்திருப்பேன். ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்: இறைச்சிக்குப் பதிலாக மீன் என்று யாராவது சொன்னால், சூடை போன்ற மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து கொடுக்க வேண்டாம். அவற்றில் உயிர்ச்சத்து பி1ஐச் சிதைக்கும் நொதியம் உண்டு, அவித்தால் அது செயலிழந்துவிடும்.

கேட்டவர்

வைத்தியரிடம் காட்டினோம். எக்ஸ்ரேயில் பெருங்குடல் நெடுகிலும் எலும்புத் துகள்கள் தெரிந்தன, ஆனால் அடைப்பு இல்லை. மருந்து கொடுத்து இளக்கினார். இரத்தத்தில் பபேசியா இருந்தது, அதற்கான சிகிச்சை நடக்கிறது. இப்போது முரசு நிறம் திரும்பியிருக்கிறது, சங்கிலியை எடுத்தால் கதவடியில் முதலில் நிற்பவன் அவன்தான். தோலைச் சுரண்டிப் பார்த்ததில் சொறிப்பூச்சி இல்லை. ஆகவே கோழிதான் காரணமா என்று அறிய, அவன் இதுவரை உண்ணாத ஒரு புரதமும் ஒரு மாப்பொருளும் மட்டும் எட்டு வாரங்களுக்குக் கொடுத்துப் பார்க்கும்படி சொன்னார். எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி ஏற்றுவதில்லை. ஆகவே சூடை மீனும் வற்றாளங்கிழங்கும் என்று முடிவாயிற்று. சூடையின் முள்ளை எடுக்க வேண்டுமா? முட்டைக்கோதும் சேர்க்க வேண்டுமா?

தெஹிவளையிலிருந்து மறுமொழி

தலையையும் குடலையும் நீக்கிவிட்டு, முள்ளோடு பிரஷர் குக்கரில் வையுங்கள். நடுமுள்ளை இரண்டு விரல்களுக்கிடையே வைத்து நசுக்கினால் மாவாக வேண்டும். அந்தப் பதம் வரும்வரை அவியுங்கள், வராத முள்ளை எடுத்துவிடுங்கள். அப்படி மசிந்த முள்ளிலேயே சுண்ணச்சத்து இருப்பதால் முட்டைக்கோது வேண்டியதில்லை. உப்பு, வெங்காயம், உள்ளி எதுவும் சேரக் கூடாது. இந்த எட்டு வாரங்களில் கோழி வாசனையுள்ள பிஸ்கட்டும், மேசையிலிருந்து விழும் துண்டும், அம்மா அன்போடு தரும் ஒரு வாய் கோழிச்சோறும்கூடச் சோதனையைக் கெடுத்துவிடும். உண்ணிக்குக் கொடுக்கும் மெல்லும் மாத்திரைகளிலும் இறைச்சிச் சுவை சேர்த்திருப்பார்கள். உண்ணி மருந்தை எக்காரணம் கொண்டும் நிறுத்தாமல், கழுத்தில் ஊற்றும் வகையைத் தரும்படி வைத்தியரிடம் கேளுங்கள்.