கறிவேப்பிலைச் செடியில் கூட்டுப்புழு: பட்டாம்பூச்சி வரவில்லை, படமும் தெளிவாக இல்லை. உதவுங்கள்

மாடித்தோட்டம், தஞ்சாவூர்:

வணக்கம். ஒரு மாதத்துக்கு முன் எங்கள் தொட்டிக் கறிவேப்பிலைச் செடியின் இலையில் பறவை எச்சம் ஒட்டியிருந்தது. துடைக்கப் போனேன், அது நகர்ந்தது! அன்றிலிருந்து நான்காம் வகுப்பு படிக்கும் என் மகளும் நானும் தினமும் காலையில் மாடிக்குப் போய்விடுகிறோம். எச்ச நிறம் மாறி, விரல் நீளத்துக்குப் பச்சைப் புழுவானது. மகள் தொட்டபோது தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரட்டைக் கொம்பை நீட்டியது; நெடி தாங்கவில்லை. பிறகு காம்பில் நூலால் இடுப்பைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவானது.

இப்போது 15 நாட்கள் ஆகிவிட்டன. பட்டாம்பூச்சி வரவில்லை. பச்சைக் கூடு பழுப்பாகிவிட்டது. படமும் சரியாக அமையவில்லை. செல்போனைக் கிட்டே கொண்டுபோனால் புழு மங்கலாகவும், பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டி பளிச்சென்றும் விழுகின்றன. இரவில் நான்கைந்து முறை ஃபிளாஷ் போட்டு எடுத்தேன். அந்த வெளிச்சத்தில்தான் செத்துவிட்டதா என்று மகள் கேட்கிறாள். எனக்கும் அதே உறுத்தல்.

நாலு சென்ட் தோட்டம்:

மாடி வெயிலில் காய்ந்திருக்கும். அடுத்த முறை புழுவைப் பார்த்ததும் வேப்பெண்ணெய் தெளித்துவிடுங்கள். விட்டுவைத்தால் தாளிக்க ஓர் இலை மிஞ்சாது.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்:

வேப்பெண்ணெய் வேண்டாம் அம்மா. ஒன்றிரண்டு புழுக்கள் தின்றால் கறிவேப்பிலை மறுபடி தளிர்த்துவிடும். சின்னச் செடியில் நிறைய புழுக்கள் இருந்தால், சிலவற்றை இலையோடு எலுமிச்சை, நாரத்தை அல்லது வில்வத்துக்கு மாற்றிவிடலாம். எல்லாம் ஒரே குடும்பத்துச் செடிகள்.

காய்ந்தது என்று முடிவு கட்டும் முன் கூட்டை நன்றாகப் பாருங்கள். பூச்சி வெளிவருவதற்கு முந்தைய நாள் கூடு கறுத்து, தோல் வழியே இறக்கையின் நிறம் தெரியும். வந்துவிட்டால் தலைப்பக்கம் பிளந்து, வெற்றுத் தோல் மட்டும் தொங்கும். உங்கள் கூடு இரண்டு மாதிரியும் இல்லை. அதில் துளை ஏதாவது இருக்கிறதா?

மாடித்தோட்டம், தஞ்சாவூர்:

இருக்கிறது ஐயா. மகளின் பூதக்கண்ணாடியில் பார்த்தோம். பக்கவாட்டில் ஒரே ஒரு வட்டத் துளை, குண்டூசித் தலை அளவுகூட இல்லை. கூட்டைத் தொட்டால் சருகு போல லேசாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்:

அப்படியானால் நீங்களும் காரணமில்லை, ஃபிளாஷும் காரணமில்லை. பாப்பாவிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அது ஒட்டுண்ணிக் குளவியின் வேலை. எறும்பைவிடச் சிறிய குளவி, நம்மைக் கொட்டாது. புழு கூட்டுப்புழுவாக மாறியதும் அதன் தோல் கொஞ்ச நேரம் மெத்தென்று இருக்கும். அந்த நேரம் பார்த்து உள்ளே முட்டையிட்டுவிடும். குளவிக் குஞ்சுகள் உள்ளிருப்பதைத் தின்று வளர்ந்து, அந்தத் துளை வழியே ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறும். உங்கள் மாடியில் பட்டாம்பூச்சியும் பிறக்கிறது, அதை மட்டுப்படுத்தும் குளவியும் பிறக்கிறது. இரண்டையும் பாப்பா பார்க்கட்டும். துளையோடு அந்தக் கூட்டையும் படம் எடுத்து வையுங்கள், இதுவும் பதிவுதான்.

செல்போன் படக்காரன்:

அக்கா, படத்துக்கு நான் சொல்கிறேன். நீங்கள் மிகவும் கிட்டே போகிறீர்கள். பெரும்பாலான செல்போன்களின் பிரதான லென்ஸ் நாலைந்து விரற்கடைக்குள் இருப்பதைத் தெளிவாகப் பிடிக்காது. ஒரு சாண் பின்னால் வந்து, இரண்டு மடங்கு ஜூம் வைத்து, திரையில் புழுவின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். ஃபோகஸ் அங்கேயே பூட்டிக்கொள்ளும். அதன் பிறகும் படம் கலங்கினால் காற்றுதான் காரணம். தொட்டியில் ஒரு குச்சியை நட்டு, துணி கிளிப்பால் அந்தக் கிளையைக் குச்சியோடு பிடித்துவிடுங்கள். புழு இருக்கும் இடத்திலிருந்து நாலு இலை தள்ளிக் கிளிப் போட்டால் போதும்.

ஃபிளாஷ் வேண்டாம். பூச்சிக்கு ஆகாது என்பதற்காக அல்ல; அந்தப் பச்சைத் தோல் பளபளத்து வெளுத்துப்போகும். காலை ஏழு மணி வெயிலில், நிழல் விழும் பக்கம் மகளை ஒரு வெள்ளை நோட்டு அட்டையைப் பிடிக்கச் சொல்லுங்கள். அடிப்பக்கம்கூடத் தெரியும். பின்னணியில் தண்ணீர்த் தொட்டி வராமல் இருக்க, நீங்கள் இரண்டடி நகர்ந்தாலே போதும். செடியைத் திருப்பாதீர்கள்.

மாடித்தோட்டம், தஞ்சாவூர் (நான்கு வாரங்கள் கழித்து):

வந்துவிட்டது! தளிரில் இன்னொரு புழுவை மகள்தான் கண்டுபிடித்தாள். கூடு கட்டிய பத்தாம் நாள் சாயங்காலம் கறுத்தது. மறுநாள் ஆறரை மணிக்கு மாடிக்குப் போனபோது பூச்சி வெற்றுக் கூட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கைகள் நனைந்த துணியாகச் சுருங்கியிருந்தன. நாங்கள் பார்க்கப் பார்க்க மேலிருந்து கீழாக விரிந்தன. தொடவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே காய்ந்துவிட்டு, பக்கத்து வீட்டு முருங்கைக்குப் பறந்தது. தம்பி சொன்னபடி எடுத்ததில் 11 படங்கள் தெளிவு.

ஒரு குழப்பம். கறிவேப்பிலைச் செடியில் வளரும் பட்டாம்பூச்சியான கறிவேப்பிலை அழகி என்றால் கறுப்பில் ஒரு வரிசை வெள்ளைப் புள்ளிகள் என்று நினைத்தேன். இதன் பின்னிறக்கையில் வெள்ளைத் திட்டும், ஓரத்தில் சிவப்புப் பிறைகளும் இருக்கின்றன. ரோஜா அழகி என்ற வேறு பட்டாம்பூச்சி என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்:

உங்கள் ஏழாவது படத்தில் உடலைப் பாருங்கள் அம்மா. கறுப்பு. ரோஜா அழகிக்கு உடல் சிவந்திருக்கும். அதன் புழு ஆடுதீண்டாப்பாளை என்ற நச்சுச் செடியைத் தின்று நஞ்சேறி வளர்வதால் பறவைகள் அதை விட்டுவிடும். கறிவேப்பிலை அழகியின் பெண்களில் சில, அந்த வேடத்தைப் போட்டுக்கொண்டு தப்பிக்கின்றன. ஆணுக்கு அந்த வேடம் கிடையாது. ஆக, உங்கள் வீட்டில் பிறந்தது பெண்.

தாய்ப்பூச்சிகள் இளந்தளிரில்தான் முட்டையிடும். தனித்தனியாக, வெளிர் மஞ்சளில், கடுகைப் போல உருண்டையாக இருக்கும். குழம்புக்குக் கிள்ளும்போது நுனித் தளிரை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுக் கிள்ளுங்கள்.

மாடித்தோட்டம், தஞ்சாவூர்:

இப்போதே போய்த் திருப்பிப் பார்த்தோம் ஐயா. இரண்டு இருக்கின்றன.