புதுப்பிப்பு: கடற்பறவைத் தீவைப் படகிலிருந்து பார்ப்பது

ஆலாக்கள் (tern எனப்படும் கடற்பறவைகள்) கூடும் சிறு தீவைக் கரையிறங்காமல் படகிலிருந்தே பார்க்கலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். எவ்வளவு நெருங்கலாம், எந்த பைனாகுலர் என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

மீட்டர் கணக்கைவிடப் பறவைகளின் நடத்தையை நம்புங்கள். அடைகாப்பவை கழுத்தை நீட்டி விறைத்து நின்றாலே படகை நிறுத்திவிட வேண்டும். கூட்டம் எழுந்து கத்திக்கொண்டே சுற்றினால் உடனே விலகுங்கள். தரையில் முட்டையிடும் ஆலாவுக்குக் கூடு என்பது மணலில் ஒரு சிறு குழிதான். உச்சி வெயிலில் பறவை எழுந்துபோனால் முட்டை சூடேறிக் கரு செத்துவிடும். முட்டையைத் தின்னக் கடற்காகங்களும் அந்த இடைவெளிக்காகவே காத்திருக்கும். ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

பைனாகுலர் 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ.) போதும். 10 மடங்கில் படகின் ஆட்டமும் பெரிதாகத் தெரியும். ட்ரைபாடும் அந்த ஆட்டத்தைத் தடுக்காது. காலையில் தீவின் கிழக்கே நின்றால் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். பறக்கும் ஆலாவைப் படமெடுக்க ஷட்டர் 1/2000 நொடி வையுங்கள்.

பறவைகளை எண்ணும்போது உட்கார்ந்திருப்பவற்றைப் பத்துப் பத்தாக எண்ணுங்கள். பறப்பவற்றைச் சேர்த்தால் இரட்டைக் கணக்காகும்.

2022இல் பறவைக் காய்ச்சல் பல கடற்பறவைக் கூட்டங்களைத் தாக்கியது. அதனால் மிதக்கும் பறவைச் சடலத்தைத் தொடாதீர்கள். படமெடுத்து, இடத்தைக் குறித்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.