கயிறு கட்டி ஏறத் தெரியாதவர் கிளிமஞ்சாரோ உச்சியை அடைய முடியுமா?

கேள்வி: மஸ்கெலியா ஆசிரியை

வணக்கம். மஸ்கெலியாவுக்கு அருகிலுள்ள தோட்டப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கிறேன், வயது 34. பத்து வயதிலிருந்து ஒவ்வொரு யாத்திரைப் பருவகாலத்திலும் நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலை ஏறி வருகிறேன். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அந்தப் படிகளை இப்போதும் மூன்று மணி நேரத்துக்குள் ஏறி முடித்துவிடுவேன். 2016 மே மாதம் ஜயந்தி குரு-உதும்பால எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் இலங்கையர் ஆன செய்தியை வகுப்பில் வாசித்துக் காட்டிய நாளிலிருந்து, நானும் ஒரு முறையாவது மிக உயர்ந்த மலையொன்றின் உச்சியில் நிற்க வேண்டும் என்ற ஆசை என்னை விட்டபாடில்லை.

கயிறு கட்டி ஏறவோ பனிக்கோடரி பிடிக்கவோ எனக்குத் தெரியாது. தான்சானியாவிலுள்ள கிளிமஞ்சாரோ 5,895 மீட்டர் உயரமானது என்றாலும் அதை நடந்தே ஏறலாம் என்கிறார்கள். எங்கள் பாதமலையோ 2,243 மீட்டர்தான். ஐந்து நாள் பயணத்துக்கும் எட்டு நாள் பயணத்துக்கும் செலவில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. விரைவாக ஏறக்கூடிய எனக்கு ஐந்து நாள் போதுமா?

பதில்: ஹட்டன் வாசி

தங்கையே, நீங்கள் போட்டிருக்கும் அதே கணக்கைத்தான் நானும் போட்டு, உச்சியைக் காணாமல் திரும்பி வந்தேன். நான் பணம் கட்டிய பயண முகவர், மலைநாட்டுக்காரருக்கு ஐந்து நாள் தாராளம் என்று உறுதியாகச் சொன்னார். நானும் நம்பினேன்.

நான் சென்றது மரங்கு பாதை. கூடாரம் இல்லாமல் குடில்களில் தங்கக்கூடிய ஒரே பாதை அதுதான். முதல் இரவு ஏறத்தாழ 2,700 மீட்டரில், இரண்டாம் இரவு 3,700 மீட்டரில், மூன்றாம் நாள் மாலை 4,700 மீட்டரிலுள்ள கிபோ குடிலில் என ஒவ்வொரு நாளும் உறங்கும் உயரம் ஆயிரம் மீட்டர் கூடிக்கொண்டே போனது. வழி முழுவதும் எந்த இடத்திலும் கயிறு தேவைப்படவில்லை. படிகள் இல்லாத பாதமலை என்றே சொல்லலாம். வழிகாட்டி "போலே போலே", அதாவது மெதுவாக மெதுவாக என்று சுவாகிலியில் சொல்லிக்கொண்டே வந்தார். பழகிய கால்கள் கேட்கவில்லை. முதல் இரண்டு நாளும் எல்லோருக்கும் முன்னதாகக் குடிலை அடைந்தேன்.

கிபோவில் ஒரு வாய் சூப்பும் இறங்கவில்லை. நள்ளிரவில் உச்சிக்குப் புறப்படுவதற்காகக் கட்டிலில் அமர்ந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்ட முனைந்தேன். முதல் முடிச்சைப் போட்ட பிறகு அடுத்து எந்த முனையை எதற்குள் நுழைப்பது என்பது நினைவுக்கு வரவில்லை. இரண்டு முனைகளையும் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தேன். வழிகாட்டிதான் குனிந்து கட்டிவிட்டார். அப்போதே நான் நின்றிருக்க வேண்டும். எரிமலை வாயின் விளிம்பிலுள்ள கில்மன்ஸ் முனைக்குக் கீழேயே வாந்தியும் தள்ளாட்டமும் வந்து அவர் என்னைத் திருப்பி அழைத்து வந்தார். இடைக் குடிலான ஹொரொம்போவில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கி வந்த, அறுபதைக் கடந்த தம்பதியினர் அன்று காலை உச்சியில் நின்றார்கள். நானோ ஹொரொம்போவுக்கு இறங்கிய சில மணி நேரத்தில் தலைவலி நீங்கிச் சோறு கேட்டுச் சாப்பிட்டேன்.

ஆகவே எட்டு நாள் லெமோஷோ பாதையையே தேர்ந்தெடுங்கள். அதில் ஒரு நாள் பகலில் 4,600 மீட்டரிலுள்ள லாவா டவர் வரை ஏறி, உறங்குவதற்கு 4,000 மீட்டருக்குச் சற்றுக் கீழே பரான்கோ முகாமுக்கு இறங்குவார்கள். மறுநாள் காலை பரான்கோச் சுவரில் கைகளை ஊன்றி ஏற வேண்டிய சில இடங்கள் உண்டு. அங்கும் கயிறு வேண்டாம்.

பதில்: பதுளை வைத்தியர்

மேலே எழுதியவருக்கு வந்தது உயர்மலை நோய். தள்ளாட்டம் வந்தபின் அவரை உடனே இறக்கியது மிகச் சரி. காற்றில் ஒட்சிசனின் விகிதம் எங்கும் ஒன்றுதான், அமுக்கம்தான் குறைகிறது. சிவனொளிபாத உச்சியில் மூச்சுக்குக் கிடைக்கும் ஒட்சிசன் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்கு, கிளிமஞ்சாரோ உச்சியில் பாதி. அதை ஈடுகட்ட நாம் விரைவாக மூச்சு விடும்போது காபனீரொட்சைட்டு கூடுதலாக வெளியேறி இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது, அந்தக் காரத்தன்மையே மூச்சை மேலும் விரைவுபடுத்த விடாமல் தடுக்கிறது. சிறுநீரகங்கள் இருகாபனேற்று என்ற காரப்பொருளை வெளியேற்றி இதைச் சரிசெய்யச் சில நாட்கள் ஆகும். உடல் வலிமை உள்ளவருக்கும் இந்த நாட்களைக் குறைக்க முடியாது. வலிமையானவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்கள்தான் பெரும்பாலும் சிக்கிக்கொள்கிறார்கள்.

3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது பொது விதி. எட்டு நாள் பயணம்கூட இதை முழுமையாகப் பின்பற்றுவதில்லை என்பதையும் அறிந்திருங்கள். அசெட்டசோலமைட் மாத்திரை உடல் பழகுவதை விரைவுபடுத்தும், ஆனால் அதை உங்கள் வைத்தியரிடம் கேட்டே எடுக்க வேண்டும். நேர்கோட்டில் குதிகாலும் விரலும் தொட நடக்க முடியாவிட்டாலோ, ஓய்வாக இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியும் வரை காத்திராமல் அந்த இரவிலேயே இறங்குங்கள்.

பதில்: வெலிமடையான்

நான் நேபாளத்தில் காலாபத்தர் வரை சென்றவன். அதுவும் 5,500 மீட்டரைத் தாண்டியது, அதற்கும் கயிறு வேண்டாம். லுக்லாவிலிருந்து புறப்பட்டு நாம்சேயில் இரண்டு இரவும் டிங்போச்சேயில் இரண்டு இரவும் தங்கியதால் எனக்குத் தலைவலியோடு போயிற்று. ஆனால் அங்கே "நடைமலை" என்று விளம்பரப்படுத்தப்படும் ஐலன்ட் பீக்கை, 6,189 மீட்டர், நம்பிப் போகாதீர்கள். அதற்குக் கயிறும் சப்பாத்தின் அடியில் மாட்டும் இரும்பு முட்களும் கட்டாயம்.

பயிற்சியைப் பொறுத்தவரை, இறக்கத்தைக் கவனியுங்கள். கிளிமஞ்சாரோவில் உச்சியைத் தொட்ட அதே நாளில் 2,000 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். பாதமலைப் படிகளில் பத்துக் கிலோ சுமையுடன் இறங்கிப் பழகினால் உங்கள் முழங்கால் நிலைமை தெரிந்துவிடும். குளிருக்கு, தண்ணீர்ப் போத்தலைத் தலைகீழாக வையுங்கள். மேற்பரப்புதான் முதலில் உறையும்.

மஸ்கெலியா ஆசிரியை

மூவருக்கும் நன்றி. எட்டு நாள் என்று முடிவு செய்துவிட்டேன். பணம் சேர இன்னும் இரண்டு வருடமாவது ஆகும். ஓகஸ்ட் விடுமுறை அங்கே வறண்ட காலம் என்பதால் பாடசாலையில் லீவு கேட்க வேண்டியதில்லை. ஹட்டன் அண்ணா எழுதிய "போலே போலே" என்பதை வாசித்ததும், கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு என் அம்மா மேட்டு மலைக்கு ஏறும் நடைதான் கண்முன் வந்தது; மூச்சு வாங்காமல், பேசிக்கொண்டே ஏறுவார். உந்துவப் பூரணையில் பருவகாலம் தொடங்கியதும் அவருக்குப் பின்னால், ஓரடிகூட முந்தாமல், பாதமலை ஏறிப் பார்க்கப் போகிறேன். இறங்கும்போது பத்துக் கிலோ பையை நான் சுமப்பேன்.