ஆங்கிலத்தில் 'பை' எங்கே, 'வித்' எங்கே? மகளுக்குச் சொல்லித்தர உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம், கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். மகள் பத்தாம் வகுப்பு. ஆங்கிலச் செயப்பாட்டு வினையில் வாக்கியத்தைத் திருப்பிப் போடுவதெல்லாம் சரியாக வருகிறது, அதற்குப் பின்னால் வரும் சின்னச் சொல்லில்தான் ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொள்கிறாள்.

நேற்று 'மீன் கத்தியால் வெட்டப்பட்டது' என்பதற்கு 'கட் பை எ நைஃப்' என்று எழுதியிருந்தாள். தமிழில் அம்மாவால் வெட்டப்பட்டாலும் கத்தியால் வெட்டப்பட்டாலும் ஒரே 'ஆல்'தானே, ஆங்கிலத்தில் வெட்டிய ஆளுக்கு 'பை', கையிலிருக்கும் கருவிக்கு 'வித்' என்றேன், புரிந்துகொண்டாள். அப்புறம் 'தி பேபி வாஸ் லுக்ட் ஆஃப்டர் பை கிராண்ட்மா' வந்தது. இரண்டு சின்னச் சொல் அடுத்தடுத்து வரக்கூடாது என்று நினைத்து 'ஆஃப்டர்' என்பதை அடித்துவிட்டாள்! அது வினையோடு ஒட்டிய சொல், எடுத்தால் கவனித்துக்கொள்வது என்ற அர்த்தமே போய்விடும் என்பதை அவள் மனதில் நிற்கிற மாதிரி எப்படிச் சொல்வது?

புதுச்சேரியில் பருத்தித் துணியைக் கூழாக்கிச் செய்யும் காகிதத்துக்கு 'மேட் ஃப்ரம்', மரம் மரமாகவே தெரியும் படகுக்கு 'மேட் ஆஃப்', இதுவரை எனக்குத் தெரியும். ஆனால் 'நோன் டு', 'நோன் ஃபார்', 'நோன் ஆஸ்' மூன்றையும் வரிசையாகக் கேட்டால் நானே திணறுகிறேன்.

ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், இவற்றை வினையோடு சேர்த்து மனப்பாடம்தான் செய்ய வேண்டுமா, இல்லை பிடித்துக்கொள்ள ஏதாவது வழி இருக்கிறதா? 'சர்ப்ரைஸ்ட்' என்பதற்கு 'அட்', 'பை' இரண்டுமே போடலாமா? அடுத்த வாரம் அவளுக்குத் தேர்வு.