பாடசாலைக்குள் ஆய்வு செய்யும் போஸ்ட் டொக்கிற்கு யார் வழிகாட்டி: பேராசிரியரா, வகுப்பு ஆசிரியரா?

வந்தாறுமூலைவாசி:
கலாநிதிப் பட்டம் முடித்த ஒருவர், ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் கணிதம் கற்கும் விதம் பற்றி இரண்டு வருடம் மட்டக்களப்பு மேற்குக் கல்வி வலயப் பாடசாலைகளில் ஆய்வு செய்யப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டில் இப்படியான போஸ்ட் டொக் (கலாநிதிப் பட்டத்துக்குப் பிந்திய ஆய்வுப் பணி) இடங்கள் அரிது, பெரும்பாலும் வெளிநாடு போய்த்தான் செய்கிறார்கள். இங்கேயே தொடங்கினால் என்ன என்ற பேச்சு எங்களுக்குள் இருப்பதால் கேட்கிறேன். வழக்கப்படி ஒரு பேராசிரியரை மேற்பார்வைக்குப் போடுவதோடு காரியம் முடிந்துவிடும். அது போதாது. பாடசாலைப் பக்கத்திலிருந்து இரண்டாவது வழிகாட்டி ஒருவர் வேண்டும், களவேலையில் அவருடைய சொல்லுக்கும் அதே மதிப்பு இருக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. அனுபவமுள்ள ஆசிரிய ஆலோசகர் ஒருவர் பொருத்தம் என்று நினைக்கிறேன்.

ஒலுவில் ஆய்வாளன்:
அண்ணன், நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறீர்கள், ஆனால் இது வருகிறவரின் கையைக் கட்டிப்போடுகிற வேலை. கலாநிதிப் பட்டம் எடுத்தவர் தன் கேள்வியைத் தானே கேட்டு, தானே பதில் தேடப் பழகும் காலம் அது. கட்டுரை எழுதி, சஞ்சிகைக்கு அனுப்பி, திருத்தம் கேட்டு வந்ததைத் திருத்திக் கொடுக்கவே இரண்டு வருடம் மட்டுமட்டு. அதற்குள் இரண்டு பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் எப்போது எழுதுவது?

அதைவிடப் பெரிய சிக்கல் நீங்கள் சொல்லும் ஆலோசகர். அவர் வலயத்தின் ஆள். ஆசிரியர் படிப்பிப்பதைப் பார்த்துக் குறிப்பெழுதுவது அவருடைய கடமை. அவரோடு சேர்ந்து வகுப்புக்குள் வருகிறவரையும் ஆசிரியர் மேற்பார்வைக்கு வந்தவர் என்றுதான் எடுப்பார். பாடக்குறிப்பு மேசைக்கு வரும், உண்மை வாய்க்கு வராது.

படுவான்கரை ரீச்சர்:
தம்பி கடைசியாகச் சொன்னது முழுக்கச் சரி. ஆலோசகர் பக்கத்தில் இருந்தால் நாங்கள் வாய் திறக்க மாட்டோம். அதற்காகப் பேராசிரியர் மட்டும் போதும் என்று முடித்துவிடாதீர்கள்.

எங்கள் பாடசாலைக்கு ஓர் ஆய்வாளர் வந்தார். தரம் 4, பின்னம். பின் வாங்கில் இருந்து அவதானிப்புப் படிவம் நிரப்பினார். கடதாசியை நாலாக மடித்து ஒரு பங்குக்கு நிறம் தீட்டச் சொன்னதும் பிள்ளைகள் மளமளவென்று செய்தார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் கை உயர்ந்தது. அவருக்கு நல்ல சந்தோசம். உண்மையில் அந்தப் பாடம் முதல் நாளே ஒரு தடவை நடத்தி முடித்த பாடம். வெளியாள் வருகிறார் என்றால் அப்படிச் செய்கிற ஆசிரியர்கள் உண்டு. கெட்ட எண்ணம் இல்லை, பிள்ளைகள் தடுமாறினால் தன் பெயர் கெடுமே என்ற பயம்தான். அப்பியாசக் கொப்பியில் முதல் நாள் பக்கத்தைப் புரட்டியிருந்தாலே அவருக்கு விளங்கியிருக்கும். புரட்டிப் பாருங்கள் என்று சொல்ல அவருக்கு ஆள் இருக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் இருக்கும் பேராசிரியருக்கு இது எப்படித் தெரியும்?

என் யோசனை இது. வலயத்தின் ஆள் வேண்டாம். ஆய்வு நடக்காத வேறொரு பாடசாலையில் அதே தரம் படிப்பிக்கிற ஆசிரியர் ஒருவரைப் போடுங்கள். அவரால் யாருக்கும் புள்ளியும் போட முடியாது, முறைப்பாடும் எழுத முடியாது.

கல்லடிப்பாலம்:
நான் அமெரிக்காவில் கல்வி ஆய்வில் போஸ்ட் டொக் செய்துகொண்டிருக்கிறேன். இங்கே தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் போஸ்ட் டொக்கிற்கான பணம் கேட்டு விண்ணப்பித்தால், அவருக்கு எப்படி வழிகாட்டப் போகிறோம் என்ற திட்டத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 2007இல் வந்த ஒரு சட்டத்தின் விளைவாக 2009 முதல் இது கட்டாயம். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. 2024இல் பட்டமேற்படிப்பு மாணவர்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள்.

அந்தப் பக்கத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு மறந்துபோகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் எழுத்தில் இருந்தால் காட்டிக் கேட்கலாம்: எப்போது சந்திப்பது, கட்டுரையில் யார் பெயர் முதலில், சொந்த ஆய்வுக்கு எவ்வளவு நேரம், அடுத்த வேலைக்கு யார் கைகொடுப்பது. அதனால் ஒலுவில் நண்பரே, வழிகாட்டி இருந்தால் சுதந்திரம் போய்விடும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வாய்ப்பேச்சில் விட்டால்தான் இளையவர் நசுங்குவார்.

இன்னொன்று. பெற்றோர் ஒப்புதல் படிவத்தை நெறிமுறைக் குழு பார்த்து அனுமதிக்கும், சரி. தாய் மத்திய கிழக்கில் வேலைக்குப் போய், பிள்ளை அம்மம்மாவோடு வளர்கிறது என்றால் யாரிடம் கையொப்பம் வாங்குவது? அம்மம்மாவுக்கு அந்தப் படிவத்தின் தமிழ் விளங்குமா? வகுப்பாசிரியரைக் கேட்டால்தான் இதற்கு வழி பிறக்கும்.

ஒலுவில் ஆய்வாளன்:
ரீச்சர் சொன்ன கொப்பி விசயம் யோசிக்க வைக்கிறது. அப்படியொருவரிடம் ஆலோசனை கேட்பதை நான் தடுக்கவில்லை. கேட்பது வேறு, அவருக்குச் சமமான அதிகாரம் கொடுப்பது வேறு. முடிவு பாடசாலைக்குப் பாதகமாக வந்தால் என்ன நடக்கும்? மெல்லக் கற்கும் பிள்ளைகளைப் பின் வரிசையில் இருத்திவிட்டுத் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆள் தயாரிக்கிறார்கள் என்று ஆய்வாளர் கண்டால், ‘இதைப் போடாதீர்கள், வலயத்தில் பிரச்சினை வரும்’ என்பார்கள். வழிகாட்டி ஆசிரியரும் அதே சமூகத்தில் வாழ்கிறவர், நாளைக்கு அந்தப் பாடசாலைக்கே இடமாற்றம் வரலாம். இரண்டு வருட ஒப்பந்தத்தில் இருக்கிற இளம் ஆய்வாளர் யாரைப் பகைப்பார்?

நடைமுறைக் கேள்வியும் இருக்கிறது. அந்த ஆசிரியர் வழிகாட்டப் போகும் நேரத்தில் அவருடைய வகுப்பை யார் பார்ப்பது?

அக்கரைப்பற்று ஓய்வுநிலை அதிபர்:
எல்லோரும் ஆய்வாளரின் பக்கத்தில் நின்று பேசுகிறீர்கள். நான் கதிரையின் மறுபக்கத்தில் இருந்தவன். ஆய்வுக்கு வருகிறவர்கள் வலயத்தின் அனுமதிக் கடிதத்தோடு வருவார்கள், தரவு எடுப்பார்கள், நன்றி சொல்வார்கள். பிறகு ஆளும் இல்லை, அறிக்கையும் இல்லை. எத்தனையோ வினாக்கொத்து நிரப்பிக் கொடுத்தும், எங்கள் பிள்ளைகளைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்தது காலம். முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டி. பெரும்போக அறுவடை தொடங்கினால் சில கிராமங்களில் வரவு இடாப்பைப் பார்த்தாலே மனம் நோகும். புலமைப்பரிசில் நெருங்கினால் தரம் 5 பக்கம் தலைவைக்க முடியாது. வருடக் கடைசியில் மழை, வெள்ளம், சில பாடசாலைகள் இடம்பெயர்ந்தோருக்கான முகாமாகிவிடும். ஆய்வு செய்ய உண்மையில் எத்தனை வாரம் மிஞ்சும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிறவர்தான் முதல் வழிகாட்டி. நல்ல பேராசிரியர் ஒருவர் இதைக் கேட்டறிந்து செய்யலாம்தான், ஆனால் கேட்க வேண்டுமே.

காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியவர். அதே மனிதர் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பாடசாலை நடத்தியவருக்குப் பல்கலைக்கழகத்தில் பேசத் தகுதி இல்லை என்று அன்று யாரும் சொல்லவில்லை.

படுவான்கரை ரீச்சர்:
அதிபர் சேர் சொன்ன காலக் கணக்கு மிகவும் முக்கியம். தம்பியின் கடைசிக் கேள்விக்கு என் பதில்: வலயத்தோடு பேசி வாரத்தில் இரண்டு மூன்று பாடவேளை விடுவிப்பு எழுத்தில் வாங்க வேண்டும், ஆய்வுப் பணத்திலிருந்து அந்த ஆசிரியருக்குக் கொடுப்பனவும் கொடுக்க வேண்டும். சும்மா உதவி என்றால் இரண்டாம் மாதமே நின்றுவிடும். இப்போதே வராத ஆசிரியருக்குப் பதிலாகப் பார்க்கிற ரிலீப் பாடவேளை எங்களுக்குத் தலைக்கு மேல்.

வந்தாறுமூலைவாசி:
சரி, ஆலோசகர் என்று நான் சொன்னதை விட்டு ரீச்சரின் யோசனைக்கு வருகிறேன். வேறு பாடசாலை ஆசிரியர், விடுவிப்பும் கொடுப்பனவும் உண்டு. பேராசிரியர், ஆசிரியர், ஆய்வாளர் மூவரும் சேர்ந்து கல்லடிப்பாலம் சொன்ன மாதிரி ஒரு பக்கத் திட்டம் எழுதிக் கையொப்பமிட வேண்டும். தவணை முடிவில் ஆய்வாளர் ஆசிரியர் கூட்டத்தில் தான் கண்டதைச் சொல்ல வேண்டும். ஒலுவில் தம்பி, இதற்கும் எதிர்ப்பா?

ஒலுவில் ஆய்வாளன்:
அந்தப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் எதிர்ப்பில்லை: வரைவைப் படித்துக் கருத்துச் சொல்ல வழிகாட்டி ஆசிரியருக்கும் பாடசாலைக்கும் உரிமை உண்டு, முடிவை மாற்றச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை, பேராசிரியர் உட்பட. அந்த வரி இல்லையென்றால் நான் முதலில் சொன்ன இடத்திலேயே நிற்கிறேன்.

படுவான்கரை ரீச்சர்:
அந்த வரிக்கு எனக்குச் சம்மதம். வரைவு தமிழில் வர வேண்டும் என்று அடுத்த வரியையும் போடுங்கள். ஆங்கிலத்தில் நாற்பது பக்கம் அனுப்பிவிட்டு, படித்துக் கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்டால் எங்கள் பாடசாலையில் அதைத் திறக்கிறவரே இருக்க மாட்டார்.